தோண்ட முடியாத நிலம்

கோமாவிலிருந்து மேற்கே சாக்கே ஊருக்குப் போகும் சாலையில், நகரத்தின் கடைசிக் கட்டடங்கள் முடியும் முன்பே வெள்ளைத் தார்ப்பாய்க் குடில்கள் தொடங்கிவிட்டன. இடப்பக்கம் கீவு ஏரி. வலப்பக்கம், மேகத்துக்குள் பாதி மறைந்த நீரகோங்கோ எரிமலை. நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் வரை கறுத்த கல். எரிமலை கக்கிய குழம்பு ஆறி இறுகிய கல் அது. கையில் எடுத்தால் எடை அதிகம் இல்லை. உள்ளே முழுக்க ஓட்டை. ஆனால் விளிம்பு பட்டால் தோல் கிழியும். கோமாவைச் சுற்றி இந்தக் கல்லின் மேல் எழுந்த முகாம்களில், 5 லட்சத்துக்கும் அதிகமான மனிதர்கள் சமைத்து உண்டு, உறங்கி எழுந்து, பிள்ளை பெற்று வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

நான் போனது 2024 ஆகஸ்டில். வறள் பருவம் முடியப்போகும் நேரம். லாரி ஒன்று கடந்தால் போதும், சாலையோரம் விற்பனைக்கு வைத்த தக்காளிக் குவியல்கள் எல்லாம் கரும்புழுதியில் மூடிவிடும். எதிரே சுக்குடு வண்டிகள் சாரி சாரியாக வந்தன. சக்கரம் உட்பட பெரும்பாலும் மரத்தில் செய்த, கைப்பிடி வைத்த இரு சக்கர வண்டி அது. அதில் கரி மூட்டையை ஆள் உயரத்துக்கு அடுக்கி, இறக்கத்தில் ஏறி நின்று ஓட்டுகிறார்கள், ஏற்றத்தில் தோள் கொடுத்துத் தள்ளுகிறார்கள். சாக்கேயைத் தாண்டிப் போக முடியாது. ஊருக்கு மேலே இருக்கும் குன்றுகளில் எம்23 என்னும் கிளர்ச்சிப் படை உட்கார்ந்திருந்தது. காங்கோ ஜனநாயகக் குடியரசின் வடக்கு கீவு மாகாணத் தலைநகருக்கும் அதற்குச் சோறு போடும் மசிசி மலைகளுக்கும் இடையிலான சாலை, பிப்ரவரியிலிருந்தே அறுந்து கிடந்தது.

எனக்கு மொழிபெயர்க்க வந்த இளைஞர் கோமாவில் பிறந்தவர். 2002இல் எரிமலை வெடித்து, குழம்பு நகரத்தின் நடுவாகவே ஓடி ஏரியில் விழுந்தபோது அவருக்கு நான்கு வயது. அவர்களுடைய முதல் வீடு இப்போது ஒரு தெருவுக்கு அடியில் இருக்கிறது. 2021 மே மாதம் மீண்டும் வெடித்தது. நகரத்தின் ஒரு பகுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். சில லட்சம் பேர் கிளம்பினார்கள், அவர்களில் பலர் போய்ச் சேர்ந்தது சாக்கேயில். “முன்பின் தெரியாத ஒரு வீட்டில் எங்களைப் படுக்க வைத்தார்கள் அண்ணா. சோறு போட்டார்கள், காசு வாங்கவில்லை” என்றார். மூன்று ஆண்டு கழித்து சாக்கேயில் குண்டு விழத் தொடங்கியதும் அந்தக் குடும்பம் கோமாவுக்கு ஓடிவந்தது. இப்போது அவர்கள் இந்தத் தம்பி வீட்டின் பின்கட்டில் இருக்கிறார்கள்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. இடம்பெயர்ந்தோர் என்றவுடன் நம் மனத்தில் முகாம்தான் வருகிறது. 2024இல் காங்கோவில் உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்து வாழ்ந்த ஏறத்தாழ 70 லட்சம் பேரில் பெரும்பாலோர் முகாமில் இல்லை. உறவினர், தெரிந்தவர், தெரியாதவர் வீடுகளில் இருந்தார்கள். இந்த நாட்டின் மிகப்பெரிய உதவி நிறுவனம், தானே அரைவயிறு உண்ணும் ஏழைக் குடும்பம்தான். அதன் கணக்கை யாரும் எழுதுவதில்லை.

புலெங்கோ முகாமுக்குள் நுழைய ஏரிப் பக்கமாக இறங்க வேண்டும். வாசல் என்று ஒன்றும் இல்லை. குடில்களுக்கு நடுவே கால்பட்டுக் கால்பட்டு மழுங்கிய ஒரு தடம், அதுதான் தெரு. முகாமுக்கு அங்குள்ளவர்களே தேர்ந்தெடுத்த ஒரு தலைவர் உண்டு, அவருக்குக் கீழே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளர். யார் வந்தாலும் முதலில் அவர்களைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நியாயமான ஏற்பாடு. வந்து படம் எடுத்துப் போகிறவர்கள் அதிகம், திரும்பி வருகிறவர்கள் குறைவு என்று தலைவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். யார் முகத்தையும் படம் எடுப்பதில்லை, பெயர் எழுதுவதில்லை என்று நான் ஒப்புக்கொண்ட பிறகுதான் நடக்க விட்டார்.

குடில் கட்டுவது எப்படி என்பதை ஒரு தந்தையும் மகனும் வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் நின்று பார்த்தேன். வளையக்கூடிய யூகலிப்டஸ் கொம்புகளை இரண்டு பக்கமும் ஊன்றி மேலே சேர்த்துக் கட்டி, அதன்மேல் தார்ப்பாயை இழுத்துப் போடுகிறார்கள். ஊன்றுவது என்று எழுதிவிட்டேன். உண்மையில் ஊன்ற முடிவதில்லை. கடப்பாரையை ஓங்கிப் போட்டால் பொறி பறக்கிறது. பாறையில் வெடிப்பு இருக்கும் இடமாகத் தேடி அதில் கொம்பைச் செருகி, சுற்றிலும் கல்லை அடைத்து இறுக்குகிறார்கள். முளை அடிக்க வழியில்லாததால் தார்ப்பாயின் கயிறுகளைப் பெரிய கற்களில் கட்டி வைத்திருந்தார்கள். ஏரிக்காற்று பலமாக அடிக்கும் இரவில், வீட்டில் பெரியவர்கள் இருவர் எழுந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்களாம்.

உள்ளே குனிந்துதான் போக வேண்டும். தரையில் பெரிய கற்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு, சிறு ஜல்லியைப் பரப்பி, அதன்மேல் புல்லும் ஒரு பழைய பாயும். அதில் ஏழு பேர் படுக்கிறார்கள். ஒருவர் புரண்டால் எல்லோரும் புரள வேண்டும். எழுந்து நின்ற சிறுமியின் முதுகில் ஜல்லி பதிந்த தடம் சட்டைக்கு மேலே கழுத்து வரை தெரிந்தது.

இந்த முகாமில் நான் பேசியவர்களில் விவசாயி அல்லாதவர் மிகச் சிலரே. ஒரு தையல்காரர், ஒரு ஆசிரியர், ஒரு செவிலியர். மற்ற எல்லோரும் மண்ணை நம்பிப் பிழைத்தவர்கள். அவர்கள் விட்டுவந்த மசிசியும் ருட்சுருவும் உலகத்தின் வளமான மண் உள்ள மலைச்சரிவுகளைச் சேர்ந்தவை. பழைய எரிமலைச் சாம்பல் மட்கி மட்கி உண்டான மண். அவரை, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, மரவள்ளி, சோளம். மேட்டுப் புல்வெளிகளில் மாடு, பால், பாலாடைக்கட்டி. ஆண்டுக்கு இரண்டு போகம். செப்டம்பர் மழையில் ஒரு விதைப்பு, பிப்ரவரி மழையில் ஒரு விதைப்பு. அந்த மண்ணைத் தந்த அதே எரிமலைத் தொடர்தான், கீழே கோமாவில் இன்னும் மண்ணாகாத கல்லையும் தந்திருக்கிறது. ஓரிரு நாள் நடைத் தொலைவில், கைவிட்டால் முழங்கை வரை இறங்கும் நிலத்தை விட்டுவிட்டு வந்தவர்கள், ஒரு குச்சியைக்கூட நட முடியாத இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

கிட்சங்காவுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த மூதாட்டி ஒருவரோடு வெகுநேரம் இருந்தேன். வாழ்க்கையில் எத்தனை முறை ஓடியிருக்கிறீர்கள் அம்மா என்று கேட்டதற்கு அவர் ஆண்டுக் கணக்கில் பதில் சொல்லவில்லை. “முதல் தடவை போனபோது அவரை பூத்திருந்தது. அடுத்த தடவை உருளைக்கிழங்கு மண்ணுக்குள் இருந்தது, தோண்டவே இல்லை. அப்புறம் ஒரு தடவை மக்காச்சோளம் உரித்துக் காயப்போட்டிருந்தோம், அப்படியே விட்டுவிட்டு வந்தோம். இந்தத் தடவை விதைத்து ஒன்பது நாள், முளை வந்திருந்தது.” மொழிபெயர்த்த தம்பி ஒவ்வொன்றையும் வரலாற்றோடு பொருத்திச் சொன்னார். லோரான் என்குண்டாவின் சி.என்.டி.பி. படையோடு நடந்த சண்டை. 2012இல் எம்23 முதன்முதலாக எழுந்து கோமாவையே சில நாட்கள் பிடித்து வைத்திருந்த காலம். பிறகு சிறு ஆயுதக் குழுக்களின் மோதல். கடைசியாக 2023 ஜனவரி இறுதியில் எம்23 கிட்சங்காவுக்குள் நுழைந்தது. அந்த அம்மாவுக்குக் குழுக்களின் பெயர் எல்லாம் தெரிந்திருந்தது. அவற்றைச் சொல்வதில் அவருக்கு ஆர்வம் இல்லை. எந்தப் பயிர் போனது என்பதுதான் அவருக்குச் சண்டையின் அடையாளம்.

அவர் துணி முடிச்சு ஒன்றை அவிழ்த்துக் காட்டினார். விதை அவரை. சிவப்பும் வெள்ளையும் புள்ளியிட்டவை, இரண்டு கைப்பிடி இருக்கும். கிளம்பும்போது எடுத்து வந்தது இதைவிட நிறைய. சாக்கேயில் இருந்தபோது பேரனுக்குக் காய்ச்சல் வந்து, வீட்டில் ஒன்றுமே இல்லாத வாரத்தில் பாதியை வேகவைத்துவிட்டார். மீதியைப் பசியிலும் தொடவில்லை. “செப்டம்பர் வருகிறது” என்றார். வானத்தைப் பார்த்து அவர் அதைச் சொன்னபோது, அந்தக் குடில் வரிசையில் இருந்த மற்ற பெண்களும் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்தப் போரின் வேரைத் தேடிப் போனால் நிலத்திலேயே வந்து நிற்கிறது. பெல்ஜிய ஆட்சிக் காலத்தில் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று ருவாண்டாவிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து மசிசியில் குடியேற்றினார்கள். அவர்கள் யார் நிலத்தில் இருக்கிறார்கள், அவர்கள் காங்கோ குடிமக்களா, ஊர்த்தலைமை யாருக்கு என்ற கேள்விகளைச் சுதந்திரத்துக்குப் பின் வந்த ஆட்சிகள் தம் வசதிக்கு ஏற்ப மாற்றி மாற்றி எழுதின. 1993இல் மசிசியில் கிராமங்கள் ஒன்றையொன்று எரித்தன. அது அடங்கும் முன் 1994 ஜூலையில், ருவாண்டா இனப்படுகொலையின் முடிவில், ஒரு வாரத்துக்குள் ஏறத்தாழ 10 லட்சம் பேர் எல்லை தாண்டிக் கோமாவுக்குள் வந்தார்கள். அவர்களுக்கு நடுவே கொலை செய்தவர்களும் ஆயுதத்தோடு வந்தார்கள். காலரா பரவிப் பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். இந்தக் கல்லில் குழி வெட்ட முடியாமல் பிணங்கள் சாலையோரம் கிடந்தன. பிரெஞ்சு ராணுவம் புல்டோசர் கொண்டுவந்துதான் பொதுக்குழி தோண்டியது. அன்றைய பெரிய அகதி முகாம்களில் ஒன்றின் பெயர் முகுங்கா. புலெங்கோவுக்கு வரும் வழியில்தான் அந்த இடத்தைக் கடந்தேன்.

அதற்குப் பின் கிழக்கு காங்கோ முழு அமைதியைக் காணவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட ஆயுதக் குழுக்கள் இயங்குகின்றன. டுட்சி மக்களைக் காக்கவே ஆயுதம் எடுத்ததாக எம்23 சொல்கிறது. 1994 கொலைகாரர்களின் வழிவந்த எஃப்.டி.எல்.ஆர். குழுவை அழிக்க வேண்டும் என்கிறது ருவாண்டா. காங்கோ ராணுவம் அந்தக் குழுவோடும், வசலெண்டோ என்னும் உள்ளூர்ப் படைகளோடும் கைகோத்து நின்றது. 3,000 முதல் 4,000 ருவாண்டா வீரர்கள் எம்23 பக்கம் நின்று போரிடுவதாக ஐ.நா. நிபுணர் குழு 2024இல் அறிக்கை தந்தது, ருவாண்டா மறுத்தது. யார் பக்கம் என்ன நியாயம் இருந்தாலும், அந்த நியாயத்துக்கான விலையைப் புலெங்கோவில் உட்கார்ந்திருந்த யாரும் ஒப்புக்கொண்டு கொடுக்கவில்லை. அதை நான் தயங்காமல் சொல்வேன்.

கழிப்பறைகள் தரைக்கு மேலே நின்றன. படியேறிப் போக வேண்டும். பள்ளம் தோண்ட முடியாத ஊரில் வேறு வழி? பலகைமேடை கட்டி, அடியில் தொட்டி வைத்து, நிறைந்ததும் லாரி வந்து உறிஞ்சிப் போக வேண்டும். லாரிக்குப் பணம் இருக்கும் மாதத்தில் வரும். நான் போன வாரத்தில் ஒரு வரிசை முழுக்கப் பூட்டுப் போட்டிருந்தது. மீதமிருந்தவற்றின் முன் காலையில் நீண்ட வரிசை. பெண்கள் இருட்டும் முன்பே போய்வந்துவிடுகிறார்கள். இருட்டிய பிறகு போவதில்லை. அதற்காகவே மாலையில் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிடுவதாக இரண்டு பெண்கள் தனித்தனியே சொன்னார்கள்.

தண்ணீர், ஏரித் தண்ணீர்தான். குளோரின் கலந்து பெரிய ரப்பர்ப் பைகளில் நிரப்பி, குழாய் வழியே தருகிறார்கள். மஞ்சள் கேன்களின் வரிசை விடியும் முன்பே தொடங்கிவிடுகிறது. ஆள் நிற்க வேண்டியதில்லை, கேன் நின்றால் இடம் உண்டு. குழாய் நின்றுபோனால் நேரே ஏரியில் மொள்ளுகிறார்கள். காலரா இங்கே ஒருபோதும் முழுமையாக விலகுவதில்லை. அந்த ஆகஸ்டில் புதிதாக ஒன்று வந்து சேர்ந்தது. எம்பாக்ஸ் நோயை உலகளாவிய சுகாதார அவசரநிலையாக உலக சுகாதார அமைப்பு 14ஆம் தேதி அறிவித்தது. நோயாளியைத் தனியே வைக்க வேண்டும், அடிக்கடி கை கழுவ வேண்டும், உடலோடு உடல் படக் கூடாது என்று ஒலிபெருக்கியில் ஒருவர் சுவாகிலியில் சொல்லிக்கொண்டே போனார். கேட்டவர்கள் ஏழு பேர் ஒரே பாயில் படுக்கிறவர்கள். சோப்பு எங்கே என்று ஒரு தாய் கேட்டார். அவரிடம் இருந்தது, விரல் நுனி அளவு.

ஒரு பள்ளத்தைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். அதற்குள் புல் மஞ்சளாகக் கருகியிருந்தது. மசுக்கு என்கிறார்கள். எரிமலை நிலத்தின் வெடிப்புகளிலிருந்து கரியமில வாயு கசிந்து, காற்றைவிடக் கனமானதால் பள்ளங்களில் தேங்கி நிற்கிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை. காற்று அசையாத விடிகாலையில் பள்ளத்துக்குள் இறங்கிய ஆடும் நாயும் அப்படியே விழுந்துவிடும். நின்றுகொண்டிருக்கும் பெரியவருக்கு ஒன்றும் ஆகாத இடத்தில், தரையில் படுத்திருக்கும் குழந்தைக்கு மூச்சு நின்றுவிடும். கோமாக்காரர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்துப் பள்ளங்களில் வீடு கட்டுவதைத் தவிர்த்தார்கள். அதனால்தான் அவை காலியாக இருந்தன, அதனால்தான் வந்தவர்களுக்குக் கிடைத்தன.

உணவைப் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. டோக்கன் வந்தால் மாவு, பருப்பு, எண்ணெய், உப்பு. டோக்கனுக்கும் டோக்கனுக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போனது. புதிதாக வந்தவர்களின் பெயர் பட்டியலில் ஏறவே மாதங்கள் ஆயின. நடுவே பெண்கள் மரவள்ளிக் கீரையை உரலில் இடித்துச் சோம்பே காய்ச்சுகிறார்கள். நான் பார்த்த பானைகளில் கீரையும் தண்ணீரும் இருந்தன. எண்ணெய் கண்ணில் படவில்லை.

சமைக்க விறகு வேண்டும். இங்கேதான் எல்லாவற்றையும்விடக் கொடியது இருக்கிறது. விறகு கிடைப்பது விருங்கா தேசியப் பூங்காவின் காட்டில். போகிறவர்கள் பெண்கள். ஆண்கள் போனால் கொன்றுவிடுவார்கள் அல்லது படைக்குப் பிடித்துக்கொள்வார்கள். பெண்கள் போனால் உயிரோடாவது திரும்புவார்கள் என்று வீட்டிலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார்கள். 2023 ஏப்ரலின் கடைசி இரண்டு வாரங்களில் மட்டும், கோமா முகாம்களில் பாலியல் வன்முறைக்கு ஆளான 674 பேருக்கு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு சிகிச்சை அளித்தது. அந்த ஆண்டு முழுவதும் நாடு முழுக்க அவர்களிடம் வந்தவர்கள் 25,000 பேருக்கும் அதிகம். மணிக்கு இரண்டு பேருக்கு மேல். வந்தவர்கள் மட்டும் இவ்வளவு.

ஒரு பெண் என்னிடம் தானாகவே பேசினார். நடந்ததை அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. மருந்தகத்துக்கு மூன்று நாளுக்குள் போனதால் மாத்திரை கிடைத்தது என்றார். அடுத்த வாரம் மறுபடி காட்டுக்குப் போனதாகச் சொன்னார். “போகாவிட்டால் பச்சை மாவையா கொடுப்பது?” அவருக்கு அரிசியோ அறிவுரையோ தேவைப்படவில்லை. எரிக்க ஏதாவது தேவைப்பட்டது. மாவு தருகிறவர்கள் அதை வேகவைக்கும் நெருப்பையும் சேர்த்துத் தந்திருந்தால், அந்தக் காட்டுப் பாதையில் எத்தனையோ பெண்கள் நடக்காமலே இருந்திருப்பார்கள். இரண்டு ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்த செய்தி இது.

மதியத்தில் முகாமின் சந்தைக்குள் போனோம். இடம்பெயர்ந்தவர்கள் கையேந்தி உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறவர்கள் இந்தச் சந்தையைப் பார்க்க வேண்டும். ஏரியில் பிடித்த சம்பாசா என்னும் பொடிமீனைத் தகர டப்பாவால் அளந்து விற்கிறார் ஒருவர். கால்மிதித் தையல் இயந்திரத்தைத் தலையில் சுமந்தே ஊரிலிருந்து வந்த தையல்காரர், கிட்டெங்கே துணியின் கிழிசலை ஒட்டுப் போடுகிறார். ஒரே ஒரு சூரியத் தகட்டை வைத்து இருபது கைப்பேசிகளுக்கு மின்னேற்றுகிறான் ஒரு பையன். மாவை உருட்டி எண்ணெயில் போட்டு உருண்டை சுடுகிறார் ஒரு பெண். சந்தையின் ஓரத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சுத்தியலால் எரிமலைக் கல்லை உடைத்து ஜல்லியாக்கிக்கொண்டிருந்தார்கள். நகரத்தில் வீடு கட்டுகிறவர்கள் வாங்குவார்கள். கண்ணுக்கு மறைப்பு எதுவும் இல்லை. உடைத்துக்கொண்டே ஒருவர் சொன்னார்: “எங்கள் ஊரில் கல் கிடைத்தால் வயலுக்கு வெளியே எறிவோம்.”

கைப்பேசிகளைச் சொன்னேன். இவற்றுக்குள் இருக்கும் டாண்டலம், கோல்டான் என்னும் தாதுவிலிருந்து வருகிறது. அந்தத் தாதுவை உலகுக்குத் தரும் பெரிய சுரங்கப் பகுதிகளில் ஒன்றான ருபாயா, இதே மசிசியில் இருக்கிறது. 2024 ஏப்ரல் இறுதியில் அது எம்23 கைக்குப் போனது. அங்கே எடுக்கும் தாதுவுக்கும் வணிகத்துக்கும் வரி போட்டு மாதம் ஏறத்தாழ 8 லட்சம் டாலர் எம்23 ஈட்டுவதாக ஐ.நா. நிபுணர் குழு மதிப்பிட்டது. ருபாயாவில் மண்வெட்டி பிடித்துத் தாது எடுத்த ஒருவர் புலெங்கோவில் இருந்தார். குழி சரிந்து தம்பியைப் பறிகொடுத்தவர். கோல்டான் எதற்குப் பயன்படுகிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். என் கையிலிருந்ததைக் காட்டி அவரே சொன்னார்.

மாலையில் மேற்கே இரண்டு முறை கனமான சத்தம் கேட்டது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்திருந்தது. குழந்தைகள் விளையாட்டை நிறுத்தவில்லை. பெரியவர்கள் மட்டும் ஒரு நொடி பேச்சை நிறுத்தித் திசையைக் கவனித்தார்கள். மே 3ஆம் தேதி முகுங்காவை ஒட்டிய முகாம்களில் குண்டுகள் விழுந்து குறைந்தது 18 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். சுட்டது எம்23யும் ருவாண்டாவும் என்றது அமெரிக்கா, அவர்கள் மறுத்தார்கள். முகாம்களை ஒட்டியே காங்கோ ராணுவமும் வசலெண்டோவும் பீரங்கிகளை நிறுத்திச் சுட்டுவந்தன, அதற்குப் பதில் குண்டு எங்கே விழும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்று முகாம்காரர்கள் கேட்டார்கள். எல்லாத் தரப்பும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.

ஏரிக்கரையில் நின்றால் கிழக்கே ருவாண்டாவின் கிசெனி நகர விளக்குகள் தெரிகின்றன. கோமாவின் வீடுகள் முடியும் இடத்தில் கிசெனியின் வீடுகள் தொடங்குகின்றன. நடுவே ஒரு தடுப்புக் கம்பம். அதைத் தாண்டினால் ஒருவர் அகதி. 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையும் அகதிகளுக்கான ஐ.நா. ஆணையமும் அவருக்கு உண்டு. தாண்டாதவரைக் காக்க வேண்டியது, அவரைக் காக்கத் தவறிய அவருடைய அரசேதான். இப்படித் தாண்டாதவர்களுக்காக 1998இல் ஐ.நா. சில வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 2009இல் ஆப்பிரிக்க ஒன்றியம் கம்பாலாவில் உடன்படிக்கையே செய்தது. 2012 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. யாரையும் காரணமின்றிப் பெயர்க்கக் கூடாது, பெயர்ந்தவரைக் கட்டாயப்படுத்தித் திருப்பி அனுப்பக் கூடாது, அவர் விட்டுவந்த சொத்தைக் காக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் தெளிவாகவே இருக்கிறது.

விட்டுவந்த சொத்து என்றால் இங்கே நிலம். அந்த மூதாட்டியின் நிலத்துக்குப் பட்டா இல்லை. அந்தக் கிராமத்தில் யாருக்குமே இல்லை. எல்லை என்பது ஓர் அத்திமரம், ஓர் ஓடை, ஊர்த்தலைவரின் ஞாபகம். அந்த ஊர்த்தலைவரும் அதே முகாமில், இரண்டு வரிசை தள்ளிக் குடியிருந்தார். அவரைப் போய்ப் பார்த்தோம். பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். கிராமத்துக் குடும்பங்களின் பெயர், யாருடைய வயல் எந்த மரத்திலிருந்து எந்த மரம் வரை, யார் யாருக்கு எத்தனை ஆட்டுக்கு விற்றது, எந்த வழக்கு எப்படித் தீர்ந்தது என்று நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார். முகாமுக்கு வந்த பிறகு நினைவிலிருந்து எழுதத் தொடங்கியது. மாலை நேரங்களில் முதியவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துச் சரிபார்க்கிறார். “நான் இங்கேயே செத்துவிட்டால் நிலம் யாருடையது என்று சொல்ல ஆள் இருக்காது. துப்பாக்கி வைத்திருப்பவன் சொல்வதுதான் எல்லையாகிவிடும்” என்றார்.

நான் பார்த்த புலெங்கோ இப்போது இல்லை. 2025 ஜனவரி இறுதியில் எம்23 கோமாவைக் கைப்பற்றியது. நகரத்திலும் சுற்றிலும் சில நாட்களில் ஏறத்தாழ 3,000 பேர் இறந்ததாக ஐ.நா. சொன்னது. அதே வாரங்களில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தியது. காங்கோவின் மனிதாபிமான உதவியில் மிகப் பெரிய பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பிப்ரவரியில், 72 மணி நேரத்துக்குள் முகாம்களைக் காலி செய்து ஊர் திரும்ப வேண்டும் என்று எம்23 உத்தரவிட்டது. மக்கள் தாங்களாகவே விரும்பித்தான் போகிறார்கள் என்று எம்23 பிறகு சொன்னது. மூன்று நாளில் தார்ப்பாயைச் சுருட்டி, கொம்புகளைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு பல லட்சம் பேர் நடந்தார்கள். போன இடங்களில் கூரை இல்லை, மருந்தகம் இல்லை, வயல்களில் வெடிக்காத குண்டுகள் கிடந்தன.

பிப்ரவரி, இரண்டாம் போகத்துக்கு விதைக்கும் மாதம். பல குடும்பங்களின் வயலில் வேறொருவர் விதைத்திருந்தார். அவரும் வேறொரு ஊரிலிருந்து விரட்டப்பட்டவராகவே இருந்தார் என்று மொழிபெயர்ப்புத் தம்பி தொலைபேசியில் சொன்னார். ஊர்த்தலைவர் கிராமத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய வீடு எரிந்திருந்ததால் தேவாலயத்தின் திண்ணையில் தங்கியிருக்கிறார். முதல் வாரத்திலேயே மூன்று எல்லை வழக்குகள் வந்தன. நோட்டுப் புத்தகத்தை விரித்து இரண்டைத் தீர்த்துவிட்டார். மூன்றாவதில் எதிர்த்தரப்பு துப்பாக்கியோடு வந்தது. அதற்கு மறுபடி நாள் குறித்திருக்கிறார்.